பன்னிரண்டாம் தேதி நட்ட வயல்

வில்லியனூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே எனக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்று நான் சொல்கிறேன். என் மனைவி அதை 'மாடி' என்கிறாள். "மாடில இருக்காரு, வருவாரு" என்று அவள் போனில் சொல்வதைக் கேட்பவர்களுக்கு நான் வடாம் காயப்போட்டுவிட்டுக் காவல் இருப்பதுபோலத் தோன்றும். பல நாட்களில் உண்மையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கம்ப்யூட்டரில் பட்டியல் வைத்துக்கொள்ள வழி செய்து தருவது என் தொழில். சரக்குப் பட்டியல், உறுப்பினர் பட்டியல், யாருக்கு எப்போது எது என்ற பட்டியல். இருபத்தைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். இத்தனை வருடத்தில் என் கை அதிகமாகச் செய்த வேலை எது என்று யோசித்தால், 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தியதுதான்.

எந்த மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் அது முதலில் பத்துப் பதினைந்து கேள்விகள் கேட்கும். நல்ல மரியாதை தெரிந்த கேள்விகள். எங்கே வைக்கட்டும், என்ன மொழி, எந்த நாடு. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலை அதுவே எழுதி வைத்திருக்கும். நாம் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பதில்தான். இதற்கு டீஃபால்ட் என்று பெயர். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு நான் எதுவும் சொல்லாவிட்டால் உப்புமா. சொன்னாலும் உப்புமாதான், ஆனால் சொல்லாதபோது வருகிற உப்புமாதான் டீஃபால்ட். நான் கேள்விகளைப் படிப்பதில்லை. அடுத்து, அடுத்து, அடுத்து, முடிந்தது. இப்படித்தான் ஒரு குடும்பத்தின் வருடச் சாப்பாட்டைத் தண்ணீரில் போட்டேன்.

தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர். அவருக்கு நான் போட்டுக் கொடுத்த சரக்குப் பட்டியல் ஏதோ ஒரு தெய்வச்செயலால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சும்மா இருந்திருக்கலாம். பாகூர் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றின் செயலாளரிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிவிட்டார். குருவிநத்தத்துக்குப் போகிற வழியில், ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் அறுப்பு மிஷின் உண்டு. டயர் வண்டி. நாற்பத்து மூன்று உறுப்பினர்களின் வயலுக்கும் அது ஒன்றுதான். ஆகவே முறை உண்டு.

முறைக்கு அவர்கள் வைத்திருந்த சட்டம் ரொம்ப எளிமையானது. யார் முதலில் நட்டார்களோ அவர்களுக்கு முதலில் அறுப்பு. நட்ட அன்றைக்கே சங்கத்துக்கு வந்து ஒரு சீட்டில் தேதியை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொங்கல் கழிந்ததும் கூட்டம் போட்டுச் செயலாளர் பட்டியலைப் படிப்பார். படித்து முடித்ததும் "ஆட்சேபம் உண்டா?" என்று மூன்று தடவை கேட்பார். யாரும் பேசாவிட்டால் சம்மதம். அதன் பிறகு பட்டியலை மாற்ற முடியாது. மிஷின் வரப்பில் வந்து நிற்கும்போது வேண்டாம் என்பவர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடுவார். இத்தனை வருடமாக இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். "நோட்டே நல்லா இருக்கே, எதுக்கு மாத்தறீங்க?" என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். எனக்கும் பிழைப்பு வேண்டுமே.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை போய்ச் சங்கத்துக் கம்ப்யூட்டரில் தரவுத்தளத்தை ஏற்றினேன். தரவுத்தளம் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. பட்டியல்களைப் பூட்டி வைக்கிற பீரோ. நடுவில் இரண்டு தடவை கரண்டு போனது. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. எந்த நாடு என்று கேட்டது. நீண்ட பட்டியல் இருந்தது. அமெரிக்கா என்று அதுவே எழுதி வைத்திருந்தது. அடுத்து.

ஆனால் நான் முழுப் பொறுப்பற்றவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஏறியபின் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எழுநூறு வரி இருக்கும். தேதியில் எது முதலில் வரும், எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வரலாம் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். பாதிக்கு மேல் வரிகளின் தலையில் # என்று ஒரு குறி. பள்ளிக்கூடத்தில் பூஜ்யமும் பெருக்கலும் போட்டு விளையாடக் கோடு கிழிப்பார்களே, அதே கட்டம். அந்தக் குறி இருந்தால் இயந்திரம் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். அது மனிதர்கள் படிக்க எழுதியது. கோப்பின் உச்சியில் விளக்கமும் இருந்தது: குறி போட்ட வரிகள், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடப்பில் இருக்குமோ அதைக் காட்டுகின்றன. தேதிக்கான வரியைத் தேடிப் பிடித்தேன். குறி போட்டிருந்தது. நாள், மாதம், வருடம் என்றிருந்தது. நாம் எழுதுகிற அதே வரிசை. திருப்தியாகக் கோப்பை மூடிவிட்டு, செயலாளர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு நினைப்பு உண்டு. புத்தகங்களில் அச்சான பொய்களை நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பினேன்.

சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் பெண். முப்பது வயதிருக்கும். தினம் பாகூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அக்டோபரில் ஒரு நாள் போன் செய்தாள்.

"சார், தேதியெல்லாம் போட்டுக்கினு வரேன். ஆனா சிலது தலைகீழா நிக்குது சார்."

"தலைகீழான்னா?"

"நான் இருபத்தஞ்சி ஒம்போதுன்னு போட்டா அது ஒம்போது இருபத்தஞ்சின்னு காட்டுது. பன்னெண்டு ஒம்போதுன்னு போட்டா அப்படியே நிக்குது. சிலது நேரா, சிலது தலைகீழா."

நான் அப்போது ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வந்துகொண்டிருந்தது.

"அது அப்படித்தாம்மா காட்டும். உள்ள சரியா இருக்கும்" என்றேன்.

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 'உள்ளே சரியாக இருக்கும்' என்பது என் தொழிலில் மிகவும் பயனுள்ள வாக்கியம். டாக்டர்களும் அதைச் சொல்கிறார்கள்.

பொங்கல் முடிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் நடந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செயலாளர் கூப்பிட்டார்.

"சார், உங்க மிஷினு ஒரு ஆளக் கடைசில தூக்கிப் போட்டுடுச்சி. அவரு சம்சாரம் வந்து ஆபீஸுல குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டன்றாங்க. நீங்க ஒரு நடை வந்து சொல்லிட்டுப் போங்க."

"என்னன்னு சொல்லணும்?"

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுன்னு."

கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூருக்கு வண்டியில் போகும்போது வானத்தைப் பார்த்தேன். வெயில் இருந்தது. ஆனால் தென்கிழக்கில் ஓர் அழுக்கு நிறம். காற்றழுத்தம், வியாழக்கிழமை மழை என்று டி.வி.யில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். சாலையின் இரண்டு பக்கமும் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. எனக்கு நெல்லைப் பற்றி அதிகம் தெரியாது. தலை சாய்ந்து நிற்கிற எதன்மீதும் அனுதாபம் உண்டு.

அந்த அம்மாள் சங்க அலுவலகத்தின் நடுவில், நாற்காலி காலியாக இருக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"நீதான் அந்த கம்ப்யூட்டரு ஆளா?"

"ஆமாம்மா."

"இன்னா படிச்சிருக்க?"

சொன்னேன்.

"எங்க வூட்டு ஆளு ஒண்ணாங்கிளாஸு. எப்ப நட்டன்னு கேட்டா டக்குனு சொல்லும். ஆவணி இருபத்தேழு. நாத்தனா பொண்ணு கல்யாணத்துக்குக் கூடப் போவல. அவ இன்னும் எங்கிட்டப் பேசறதில்ல. ஊருலயே மொத நடவு எங்களுது. நாப்பத்தி மூணு பேருல நாப்பத்தி மூணாவதா போட்டிருக்கியே, எந்த ஊரு நியாயம் இது?"

செயலாளர் எனக்கு நிலைமையை விளக்கினார். இவர்களுடையது ஒண்ணரை காணி, இரண்டு ஏக்கருக்குப் பக்கம், ஆற்றோரப் பள்ளம். மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். தண்ணீர் நின்றால் டயர் வண்டி இறங்காது. அதனால்தான் வருடா வருடம் முந்தி நட்டு முந்தி அறுத்துவிடுவார்கள். இந்த வயலிலிருந்துதான் வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு, இரண்டு மாட்டுக்கு வைக்கோல். நெல் எப்போதோ முற்றிவிட்டது. தொட்டால் உதிர்கிறது. மழை நாளைக்கு. இவர்களுடைய முறை, இன்றைய கணக்குப்படி, பிப்ரவரி நடுவில்.

"சீட்ட எடும்மா" என்றேன் எழுத்துப் பெண்ணிடம். எடுத்தாள். 12/9 என்று எழுதியிருந்தது. திரையில் பார்த்தேன். அங்கேயும் 12/9.

"சீட்டுலயும் அதான், இதுலயும் அதான். அப்புறம் எங்க இருக்குது தப்பு?" என்றார் செயலாளர், கொஞ்சம் பெருமையோடு. அவருக்கு என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று ஓர் எண்ணம் இருந்தது. அல்லது என்னைக் கூட்டிவந்த தன்னை.

எழுத்துப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேனே சார். சிலது நேரா, சிலது தலைகீழான்னு."

திரையில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன். 9/25. 10/14. 10/30. பன்னிரண்டைத் தாண்டிய நாட்கள் மட்டும் தலைகீழாக நின்றன. பீரோ மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. இருபத்தைந்து ஒன்பது என்று போட்டால், இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாதே என்று அதுவே மாற்றிவைத்துக் கொள்கிறது. பன்னிரண்டு ஒன்பது என்று போட்டால் மாற்ற அதற்குக் காரணமில்லை. டிசம்பர் ஒன்பது. திருப்பிக் காட்டும்போதும் மாதத்தை முதலில் வைத்துக் காட்டுவதால் 12/9 என்றே காட்டுகிறது. எழுதும்போது ஒரு தப்பு, படிக்கும்போது அதே தப்பு. இரண்டு தப்பும் கைகோத்துக்கொண்டு நம் எதிரில் சரியாக நின்றன. செப்டம்பர் பன்னிரண்டில் நட்ட ஊரின் முதல் வயலை என் பட்டியல் டிசம்பரில் நட்டதாக வைத்திருந்தது. நவம்பர் இரண்டாம் தேதி நட்டவர்கள் பிப்ரவரியிலேயே நட்டுவிட்ட சூரர்களாக மேலே நின்றார்கள்.

ஆனாலும் நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் ஆதாரம் இருந்தது. அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்த வரியைத் தேடி, செயலாளருக்கு விரலால் காட்டினேன்.

"பாருங்க. நாள், மாதம், வருடம். இங்க சரியாத்தான் இருக்கு. நான் பாத்துட்டுதான் போனேன்."

"இருக்குது" என்றார் செயலாளர்.

"பின்ன ஏன் அது அப்படிப் பண்ணுச்சி?" என்றார் அந்த அம்மாள்.

நியாயமான கேள்வி. கீழே உருட்டினேன். உருட்டிக்கொண்டே போனேன். சுமார் முந்நூறு வரிக்குக் கீழே, யாரும் போகாத ஒரு மூலையில், தலையில் எந்தக் குறியும் இல்லாமல் இன்னொரு வரி இருந்தது. மாதம், நாள், வருடம். மென்பொருளை ஏற்றும்போது, நான் சொன்ன நாட்டுக்குத் தகுந்தபடி அதுவே எழுதிக்கொண்டது. மேலே குறி போட்டுக் காட்டியிருந்தது, ஒன்றும் சொல்லாதவர்களுக்கு. நான்தான் சொல்லிவிட்டேனே, அமெரிக்கா என்று.

அந்த நாட்டுப் பட்டியலில் இந்தியா இருந்தது. பிரான்ஸும் இருந்தது. அங்கேயும் நாள்தான் முதலில். இத்தனை தலைமுறை பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸ் என்று அழுத்தியிருந்தால்கூட இந்த வயல் தப்பித்திருக்கும். இந்த ஊரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு நாட்டை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அது நின்றுகொண்டிருந்தது, நான் தலையாட்டினேன்.

"என் தப்புதாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் கம்ப்யூட்டரை நோக்கிக் கையை நீட்டினார். "சரி, மாத்து" என்றார்.

வரியை மாற்ற அரை நிமிடம். சீட்டுகளைப் பார்த்து எல்லாத் தேதியையும் எழுத்துப் பெண் மறுபடி போட ஒரு மணி நேரம். புதுப் பட்டியலில் அவர்கள் முதலாவதாக வந்தார்கள். செயலாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இது சரிதான் சார். ஆனா நேத்து கூட்டத்துல படிச்சாச்சி. ஆட்சேபம் உண்டான்னு மூணு வாட்டி கேட்டன். யாரும் வாயத் தொறக்கல. தீர்மானத்துல ஏறிடுச்சி. நானா எப்படி மாத்துவன்?"

அப்போது அந்த அம்மாளின் கணவர் வந்தார். ஒல்லியான மனிதர். வாசலிலேயே நின்றார். செயலாளர் அவரைப் பார்த்துக் கத்தினார்:

"ஏன்யா, நேத்து கூட்டத்துக்கு வந்த இல்ல? கேட்டன் இல்ல? அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் பாடு உண்டா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"மொத பேரு எம்பேருதான வரும். நான் மாட்டக் கறந்துட்டு வரச்சே ஆறாவது பேரோ ஏழாவது பேரோ ஓடிக்கினு இருந்துச்சி. சரி, நம்மளுத மொதல்லியே படிச்சிட்டாங்கன்னு குந்திக்கினு இருந்தன்."

"கடைசில உம்பேரப் படிச்சனே!"

"மைக்கு கொர்ர்னு இரைஞ்சிது. டீ வேற குடுத்தாங்க."

"டீ குடுத்தா காது அடைச்சிக்குமா?" என்றார் மனைவி. "இருபது வருஷமா மொத ஆளு, மொத ஆளுன்னு மெதப்பு. போன தபா மொதல்ல அறுத்தா இந்தத் தபாவும் மொதல்லன்னு யாரு எழுதிக் குடுத்தாங்க உனக்கு?"

எனக்கோ அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாட்டிலேயே என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். வழக்கமாக இருப்பதுதான் இப்போதும் இருக்கும் என்று நம்பி இரண்டு பேரும் டீ குடித்திருக்கிறோம்.

செயலாளர் ஒரு வழி சொன்னார். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்வது. நாளைக் காலைக்குள் யாரும் வந்து ஆட்சேபம் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பட்டியலை மாற்றுவது.

"நாளைக்கு மழ" என்றார் அந்த அம்மாள்.

"அப்ப இன்னொண்ணு. இன்னிக்கு மிஷின் யாரு வரப்புல நிக்குதோ அவரு தானா உட்டுக் குடுத்தா உங்களுதுக்குத் திருப்பிடலாம். மத்தவங்களுக்கு மைக்குல சொல்லிக்கலாம்."

நாங்கள் நான்கு பேரும் போனோம். அவர்கள் இரண்டு பேர், செயலாளர், நான். மிஷின் மேட்டு வயல் ஒன்றின் வரப்பில் உறுமிக்கொண்டு நின்றது. முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மூன்று வயல் அறுத்தாகிவிட்டது. மூன்றும் அக்டோபர் தொடக்கத்தில் நட்டவை, நெல் ஒருவாறு பழுத்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்காவது இது. நவம்பர் இரண்டில் நட்டது. எனக்கே தெரிந்தது, பயிர் பச்சையாக இருந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அதை அறுக்க மிஷின் டிரைவரை வற்புறுத்திக்கொண்டிருந்தார். டிரைவர் ஆத்தூர்க்காரர். தன் வாழ்நாளில் இதுவரை பால் முற்றாத நெல்லை அறுத்ததில்லை என்று சொல்லி இறங்கி நின்றுவிட்டார்.

"அண்ணே, இன்னா பண்ற நீ?" என்றார் அந்த அம்மாள். "பச்சைய அறுத்து மாட்டுக்கா போடப் போற?"

"போடறன். உனக்கின்னாம்மா? எம் முற வந்திருக்குது. உட்டன்னா கடைசிக்குத் தள்ளிடுவாங்க. பச்சையோ பழுப்போ, வந்தப்ப வாங்கிக்கணும்."

"உம் முறையே இல்லண்ணே அது. இந்தா நிக்கறாரே, இவரு போட்ட தப்பு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரப்பில் நின்றபடி, மாதம் முதலில், நாள் பின்னால் என்று விளக்க ஆரம்பித்தேன். காற்று வேட்டியை இழுத்தது. அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"சாரு, அமெரிக்காவுல நெல்லு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அவங்க தேதியத் திருப்பிப் போட்டுக்கினா அது அவங்க வசதி. எனக்கு இன்னா சொல்ல வரீங்க? எம் முறை போவுமா, போவாதா?"

"போகாது. உங்க முறை வர்ற மாசம் வரும். நெல்லு பழுத்தப்புறம்."

"வாயால சொன்னா? நேத்து கூடத்தான் வாயால சொன்னாங்க."

செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு பீடிக் கட்டின் காகிதத்தைக் கிழித்து, இவருடைய முறை ரத்தாகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சீலு?"

சீல் அலுவலகத்தில் இருந்தது. நான் வண்டியில் போய் எடுத்து வந்தேன். படிப்புக்கேற்ற வேலை அன்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். சீல் விழுந்ததும் அந்த மனிதர் காகிதத்தை மடித்துத் துண்டில் முடிந்துகொண்டார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் புரிந்தது, தன் பச்சை நெல்லை அறுக்காமல் விட ஒரு காரணத்தை அவர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்.

மிஷின் மேட்டிலிருந்து ஆற்றோரத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. வண்டிப் பாதையில் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். அப்புறம் ஒரு கரும்பு டிராக்டர். மூன்று மணிக்குப் பள்ளத்து வயலில் இறங்கியது. நெல் கதிர்கள் உள்ளே போய், வைக்கோல் பின்னால் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் வரப்பில் உட்காரவில்லை. மிஷின் ஒவ்வொரு சுற்று முடித்துத் திரும்பும்போதும் வானத்தை ஒரு தடவை பார்ப்பார், மிஷினை ஒரு தடவை பார்ப்பார்.

மழை வியாழக்கிழமை என்றுதான் சொன்னார்கள். புதன்கிழமை ஐந்தரைக்கே வந்துவிட்டது. தூறலாக ஆரம்பித்து, பத்து நிமிடத்தில் எதிரில் இருப்பவர் தெரியாத அளவுக்குக் கொட்டியது. டிரைவர் இன்னும் ஒரு சுற்று முயற்சி செய்தார். பின் டயர் உளைச் சேற்றில் இறங்கியதும் நிறுத்திவிட்டார். மூன்றில் இரண்டு பங்கு அறுத்தாகியிருந்தது. நெல்லை மூடத் தார்ப்பாய் இழுத்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். மீதி ஒரு பங்கு எங்கள் கண்ணெதிரே படுத்தது. காற்று ஒரு தடவை தடவிவிட்டது, அவ்வளவுதான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நான் எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அந்த அம்மாளின் கணவர் மட்டும், மழையில் நனைந்தபடி மிஷினையும் வயலையும் பார்த்துவிட்டு, "நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார். என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

மழை இரண்டு நாள் பெய்தது. சனிக்கிழமை போனேன். புருஷனும் மனைவியும் கூலிக்கு வந்த நான்கு பெண்களுமாக முழங்கால் தண்ணீரில் படுத்த நெல்லை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சில கதிர்கள் முளை விட்டிருந்தன. நான் பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். இருபது நிமிடம் அறுத்தேன்.

"போதும் சாரு, கரையேறு" என்றார் அந்த அம்மாள். "நீ அறுக்கறதுக்குள்ள அடுத்த நடவு வந்துடும். உன் காலுல மிதிபட்டதே ஒரு மரக்கா நெல்லு இருக்கும்."

கூலிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். ஏறிவிட்டேன். அந்த ஒரு பங்கில் வைக்கோல் இல்லை, அழுகிவிட்டது. நெல்லில் பாதி தேறியது, அதுவும் அவித்துக் குத்தத்தான் ஆகும். ஐப்பசிக்கு மேல் அரிசி வெளியில் வாங்க வேண்டியிருக்கும் என்று அந்த அம்மாள் எழுத்துப் பெண்ணிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை.

மாசியில் அந்தப் பள்ளத்தில் மறுபடியும் நட்டார்கள். அன்று நான் சங்க அலுவலகத்தில் இருந்தேன். எதையாவது சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி மாதம் இரண்டு தடவை போகிறேன். அந்த அம்மாள் சேற்றுக் காலோடு சீட்டுக் கொடுக்க வந்தார்.

"மாசி பதினாறு. இங்கிலீஷ்ல நீங்க எப்படி வேணா போட்டுக்குங்க. மாசின்னு எழுத்துல இருக்கணும்."

என் பட்டியலில் தமிழ் மாதத்துக்கு இடமில்லை. எல்லாரும் காத்திருக்க, உட்கார்ந்து புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன். வழக்கமாக இப்படி ஒரு கட்டம் சேர்த்தால் அதில் ஏதாவது ஒன்றை எழுதி வைத்துவிடுவேன். சித்திரை என்றோ என்னவோ. ஆள் ஒன்றும் போடாவிட்டாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டுமே. இந்தத் தடவை எதையும் எழுதவில்லை. அந்தக் கட்டத்துக்கு டீஃபால்ட் கிடையாது. யாராவது கையால் நிரப்பாவிட்டால் மேலே போகவிடாது. எழுத்துப் பெண் இதனால் எனக்கு வாரம் ஒரு தடவை போன் செய்து சலித்துக்கொள்கிறாள்.

கட்டத்தில் மாசி 16 என்று அவள் அடித்ததும், அந்த அம்மாள் மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது.

"படி" என்றார் என்னிடம்.

"மாசி பதினாறு."

"உள்ள?"

"உள்ளயும் அதான்."

"அன்னிக்கும் அதான சொன்ன இந்தப் பொண்ணுகிட்ட?"

கோப்பைத் திறந்து, முந்நூறு வரிக்குக் கீழே போய், அந்த வரியை அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நாள், மாதம், வருடம். தலையில் குறி எதுவும் இல்லை என்பதையும் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரி" என்றார். "சித்திரைக் கூட்டத்துல இந்த நடவுக்குப் பட்டியலு படிக்கச்சே எங்க வூட்டு ஆளு பேசும். நானே கூட்டிக்கினு வந்து மைக்குக்குக் கிட்டக்கவே குந்த வெக்கறன்."